நாளைய செவிலியரை இன்றே கணக்கிடுவோம்

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி பயிரிடுவோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. கிழங்கின் விலை ஏறிய ஆண்டில் எல்லோரும் குச்சி நடுகின்றனர்; பத்து மாதம் சென்று கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு வருங்கால் விலை சரிந்துவிடுகிறது. அதுகண்டு மறு ஆண்டில் நடுவோர் குறைய, கிழங்குக்குத் தட்டுப்பாடு நேருகிறது. சுகாதார ஊழியர் விஷயமும் இத்தகையதே. ஆனால் இங்குக் காத்திருக்க வேண்டிய காலம் மாதங்களல்ல, ஆண்டுகள். துணைச் செவிலியர் பயிற்சிக்கு 2 ஆண்டுகள். செவிலியப் பட்டத்திற்கு 4 ஆண்டுகள். மருத்துவருக்கோ ஐந்தரை ஆண்டுகள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் முதல் அணியினர் பயிற்சி முடிப்பது 2027ஆம் ஆண்டையொட்டியே ஆகும். ஆகவே, தேவையை முன்கூட்டிக் கணக்கிடுதல் இன்றியமையாததாகிறது.

தலைக்கணக்கு

இத்தகைய கணக்கு நம் நாட்டிற்குப் புதிதன்று. ஸர் ஜோஸப் போர் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கையில், ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு மருத்துவரும், 43,000 பேருக்கு ஒரு செவிலியரும் இருப்பதைச் சுட்டி, 1971க்குள் 2,000 பேருக்கு ஒரு மருத்துவர் வேண்டுமென்று இலக்கு வகுத்தது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்னும் விதியும் இம்முறையைச் சார்ந்ததே. இதன்படி ஒரு லட்சம் ஜனத்தொகையுள்ள சமவெளி வட்டாரத்திற்கு 20 துணை நிலையங்கள் வேண்டும்.

இம்முறை எளிது; ஆயினும் போதாது. தமிழ்நாட்டில் 1971இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 31 குழந்தைகள் பிறந்தன. 2019இல் 14 அளவே. அதாவது 5,000 பேர் வாழும் பகுதியில் ஆண்டுக்கு 155 பிரசவங்கள் நிகழ்ந்த இடத்தில் 2019இல் 70 அளவே நிகழ்ந்தன. மறுபுறம், 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாநில மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தோர். தலைகளின் எண்ணிக்கை மாறாதிருப்பினும் வேலையின் தன்மை மாறிவிட்டது.

வேலைக்கணக்கு

ஆகவே உலக சுகாதார நிறுவனம் வேலையின் அளவைக் கொண்டு ஆள்தேவையைக் கணிக்கும் முறையொன்றைப் பரிந்துரைக்கிறது. அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். விடுமுறை, விடுப்பு, பயிற்சி நாள்களைக் கழித்து ஓர் ஊழியருக்கு ஆண்டில் 250 நாள்கள், நாளொன்றுக்கு 6 மணி நேரம் உண்மையான பணிக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். மொத்தம் 1,500 மணி. அவர் பகுதியில் இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உடையவர் 400 பேர். ஒவ்வொருவரையும் மாதம் ஒருமுறை கால் மணி நேரம் பார்ப்பதானால் 1,200 மணி செலவாகும். ஐந்தில் நான்கு பங்கு நேரம் இதற்கே போய்விட்டால், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் யார் கவனிப்பது? 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திற்குத் தனி ஊழியர் தேவைப்பட்டதன் காரணம் இதனால் தெளிவாகும்.

இனி வரவைப் பார்ப்போம். 20 செவிலியருள் ஐந்தாண்டில் ஐவர் ஓய்வு பெறுவர். ஆண்டுக்கு ஒருவர் மாறுதலாகியோ விலகியோ செல்வதாகக் கொண்டால் மேலும் ஐவர். புதிதாக ஒரு பணியிடமும் ஏற்படுத்தாமலே பத்துப் பேர் வேண்டியிருக்கும். ஓய்வு பெறும் நாள் பணிப்பதிவேட்டில் எழுதப்பட்டே இருக்கிறது. அதனை எதிர்பாராத காலியிடமென்று கூற இயலாது.

ஊராட்சிகளின் கடமை

கணக்கு தலைநகரில் முடிவாகலாம். அதற்குரிய விவரம் கிராமத்திலிருந்தே செல்ல வேண்டும். 2021இல் நடைபெற வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளுக்கும், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து குடும்பத்துடன் வந்திருப்போர் 2011ஆம் ஆண்டுப் புள்ளியில் இடம்பெற்றிருக்க இயலாது. அவர்களுக்கும் தடுப்பூசி வேண்டும்; அவர்தம் மகளிருக்கும் பேறுகாலப் பரிசோதனை வேண்டும். ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் ஆண்டுதோறும் இத்தகையோரை எண்ணிச் சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தல் நலம். பிறப்பு, இறப்புப் பதிவில் விடுதலின்றிக் கவனித்தலும், செவிலியர் தங்கும் குடியிருப்பைப் பழுதின்றி வைத்தலும் இதனைச் சார்ந்த கடமைகளே. குடிநீரும் விளக்கும் இல்லாத வீட்டில் எவரும் நிலைத்துத் தங்கார்.

ஒரு பணியிடம் காலியானால் நிலையத்தின் கதவு மூடப்படுவதில்லை. அடுத்த பகுதிச் செவிலியர் இரு பகுதிகளையும் சுமக்கிறார். வெளிப்பார்வைக்கு எல்லாம் நடப்பது போலவே தோன்றும். ஆனால் ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணி ஒருத்தியை இரண்டு வாரம் தாமதித்துக் காண நேரலாம். ஒரு தாயின் உயிர் அந்த இரண்டு வாரத்தில் அடங்கியிருக்கக் கூடும். ஐந்தாண்டுக்கு முன்பே செய்ய வேண்டிய கணக்கின் பயன் இதுவேயாகும்.