தட்டம்மை ஊசியும் இட்லி மாவும்

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்குக் காய்ச்சல் அன்றே வருவதில்லை. ஒரு வாரம் கழித்து வருகிறது. ஏன்?

இரவு கரைத்து வைத்த இட்லி மாவைப் பாருங்கள். உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் பெருக நேரம் எடுக்கும். விடியும்போதுதான் மாவு பொங்கி நிற்கும். இந்த ஊசியில் இருப்பதும் உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ்தான். அது மெல்லப் பெருகி, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்க்கும்போது, 7 முதல் 12 நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வந்து தணியும். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே வந்துவிடும்.

பொங்குவது வேறு, கெடுவது வேறு. அரிசியும் உளுந்தும் நன்றாக இருந்தாலும், ஊற்றிய தண்ணீர் சரியில்லாவிட்டால் மாவு கெடும்; வெளியில் வெகுநேரம் கிடந்தாலும் கெடும். தட்டம்மை மருந்து உலர்ந்த பொடி. அதனுடன் வரும் கரைப்பானைத் தவிர வேறெதையும் அதில் கலக்கக் கூடாது. கலந்தபின் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து, 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சியதை யாருக்கும் போடக் கூடாது. கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அதில் கிடையாது. கிருமி புகுந்த மருந்தைப் போட்டால் சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று குழந்தை துவண்டுவிடும்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டதும் 4 குழந்தைகள் இறந்தன. கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் இடத்துக்குத்தான் தாய்மார் வரவேண்டும் என்றானது. எல்லாத் தடுப்பூசிகளும் போட்டுக்கொண்ட தமிழ்நாட்டுக் குழந்தைகள், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7. இந்த ஒரு துயரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பயம் வீடுவீடாகப் பரவியதை மறுக்கவும் முடியாது. 2019-21இல் அந்த விகிதம் 89.2 ஆக ஏறியது.

காய்ச்சல் வரும் என்று சொன்னால் தாய்மார் பயந்துவிடுவார்கள் என்று சிலர் மறைக்கிறார்கள். இது பெரிய தவறு. சொல்லி வந்த காய்ச்சலை அம்மா சமாளித்துவிடுவாள். சொல்லாமல் வந்தால் அடுத்த ஊசிக்கு வரமாட்டாள்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். இது என்ன ஊசி, காய்ச்சல் எப்போது வரலாம், எது வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று செவிலியரிடம் கேளுங்கள். குப்பியை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். அந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது விதி.