உளி பிடித்த தாய்

ஓவியம் எதற்கு? ஓவியன் தன் உள்ளத்தைக் கொட்டிக் காட்டவா, ஊராரின் உள்ளத்தைத் தட்டி எழுப்பவா? கேட்கிறார்கள், கேட்டுவிட்டு இரண்டு அணியாகப் பிரிந்து நின்று வாதாடுகிறார்கள். "கலை கலைஞனுக்குச் சொந்தம், அதில் ஊருக்கென்ன வேலை?" என்கிறது ஓர் அணி. "ஊருக்கு உதவாத கலை உதவாக்கரை!" என்கிறது மறு அணி. நம் தோழர்களில் பெரும்பாலோர் இரண்டாம் அணி. நாமும் அப்படித்தான், மேடையேறிப் பேசும்போது! ஆனால் பெர்லின் நகரத்து அம்மையார் ஒருவரின் வாழ்க்கையைப் படித்த பிறகு, அவ்வளவு விறைப்பாகப் பேச நமக்கு நா எழவில்லை.

கேத்தே கோல்விட்ஸ் என்பது அவர் பெயர். 1867இல் ஜெர்மன் நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். தந்தை சட்டம் படித்தவர். பிரஷ்ய அரசின் கீழ் அந்தத் தொழில் செய்ய மனம் ஒப்பாமல், கரணை பிடித்துக் கொத்தனார் வேலை பழகியவர். அப்படிப்பட்டவர் தம் மகளை ஓவியம் பயில அனுப்பியதில் வியப்பென்ன? வியப்பு வேறிடத்தில் இருந்தது. அரசாங்கத்து ஓவியக் கல்லூரிக் கதவு பெண்களுக்கு அடைத்துக் கிடந்தது! பெண்களுக்கென்று தனியே நடந்த பள்ளிகளில்தான் அவர் படிக்க வேண்டியிருந்தது. 1891இல் டாக்டர் கார்ல் கோல்விட்ஸை மணந்தார். சீமான்களின் நாடி பிடித்துச் சொத்துச் சேர்த்த டாக்டரல்லர் அவர். பாட்டாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பெர்லின் பகுதியில், தையல் தொழிலாளரின் மருத்துவ நிதிக்காக வைத்தியம் பார்த்தவர்.

1893இல் அம்மையார் ஒரு நாடகம் பார்த்தார். ஹாப்ட்மன் எழுதிய 'நெசவாளர்கள்'. போலீசார் பொது மேடையில் ஆடக்கூடாதென்று தடுத்த நாடகம்; சங்கத்தார் தம் உறுப்பினருக்கு மட்டும் நடத்திக் காட்டினார்கள். கதை, கற்பனையல்ல. 1844 ஜூன் மாதம் சிலேசியாவில் நடந்தது. வீட்டுக்கு வீடு தறி. நூல் தருபவன் வியாபாரி, நெய்த துணிக்கு விலை வைப்பவனும் அவனே. இங்கிலாந்தின் இயந்திரத் துணி வந்து சந்தையை நிறைத்தது. வியாபாரி கூலியைக் குறைத்தான், மேலும் குறைத்தான். தறியில் உட்கார்ந்த தோழருக்கு இதற்கு மேல் நாம் விளக்க வேண்டுமா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நெசவாளர் திரண்டு போய் வியாபாரியின் மாளிகையை நொறுக்கினார்கள். பட்டாளம் வந்தது. சுட்டது. பதினொருவர் மாண்டனர்.

நாடகம் பார்த்து வீடு திரும்பிய அம்மையார், தொடங்கியிருந்த வேறு வேலையை மூட்டை கட்டி வைத்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டு உழைத்தார். ஆறே ஆறு படங்கள்! மூன்று கல்லச்சு, மூன்று செப்புத் தகட்டில் அமிலம் ஊற்றி அரித்தவை. முதல் படத்தில் தாழ்ந்த கூரை, இருண்ட அறை, அறையை அடைத்துக்கொண்டு தறி. படுக்கையில் குழந்தை, தலையை இரு கையாலும் பிடித்தபடி குனிந்திருக்கும் தாய். ஊர்வலப் படத்தில் முதுகில் உறங்கும் பிள்ளையைச் சுமந்தபடி ஒருத்தி நடக்கிறாள். மாளிகை வாசலில் கல் பெயர்த்துக் கொடுப்பவர்களும் பெண்களே. கடைசிப் படத்தில் மீண்டும் அதே இருண்ட அறை, அதே தறி. அதன் அருகே பிணங்களைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள்.

1898இல் பெர்லின் பெருங்கண்காட்சியில் இவை தொங்கின. மென்செல் என்னும் முதுபெரும் ஓவியர் உள்ளிட்ட நடுவர் குழு, பதக்கம் தரலாம் என்று பரிந்துரைத்தது. மாமன்னன் இரண்டாம் வில்லியம் மறுத்தான்! நெசவாளி பசித்திருந்தது குற்றமல்ல, அந்தப் பசியைப் படமாக்கியது குற்றம் போலும். 1906இல் வீட்டுத் தொழிலாளர் நிலை பற்றிய கண்காட்சிக்கு அம்மையார் சுவரொட்டி வரைந்தார். உழைத்துக் களைத்த ஒரு பெண்ணின் முகம், வேறொன்றுமில்லை. அதை அகற்றினால்தான் கண்காட்சிக்கு வருவேன் என்றாள் மகாராணி. அரண்மனையின் வெறுப்பை இப்படி இரண்டு முறை சம்பாதித்தவர் அவர்.

"ஆகா, நம்மவர்! ஏழைக்காகத் தூரிகை பிடித்தவர்!" என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். தொடக்கத்தில் தாம் தொழிலாளரை வரைந்தது இரக்கத்தால் அல்ல, அவர்கள் அழகாயிருந்ததால்தான் என்று அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். சுமை தூக்குவோரின் நடையும் வீச்சும் அவர் கண்ணுக்கு அழகு. மேல்தட்டு வீட்டாரின் பதவிசு வெறும் சலிப்பு. கணவரின் மருத்துவ அறைக்கு வந்த பெண்கள், அடுப்பங்கரைத் துன்பத்தையெல்லாம் கொட்டி அழுததைக் கேட்கக் கேட்கத்தான் அந்த வாழ்வின் பாரம் நெஞ்சில் இறங்கிற்றாம். வேறொருவராயிருந்தால் இதை மறைத்திருப்பார். நம்மைப்போல் மேடையில் பேசுகிறவர்கள் கட்டாயம் மறைத்திருப்போம்!

இதைவிடக் கொடிய உண்மை ஒன்றையும் அவர் மறைக்கவில்லை.

1914. உலகப் போர் மூண்டது. இளைய மகன் பீட்டருக்கு வயது 18. பட்டாளத்தில் சேருவேன் என்று துடித்தான். வயது நிரம்பாத பிள்ளை. தந்தையின் ஒப்புதல் வேண்டும். தந்தை மறுத்தார். மகனுக்காகத் தந்தையிடம் பரிந்து பேசி இணங்க வைத்தவர் யார்? தாய்! நெசவாளரின் பிணங்களை வரைந்த அதே தாய்! அக்டோபர் மாதமே, பெல்ஜியத்துக்குள் புகுந்த படையில் ஒருவனாய், பீட்டர் மாண்டான்.

அந்த ஆண்டே மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய முனைந்தார். முடியவில்லை. செய்தார், கலைத்தார், ஒதுக்கி வைத்தார், மீண்டும் எடுத்தார். மாண்ட மகனைக் கிடத்திய உருவமாகத்தான் முதலில் நினைத்திருந்தார். நாள் செல்லச் செல்ல மகனின் உருவம் நினைவுச் சின்னத்திலிருந்து மறைந்தது. மண்டியிட்ட தாயும் தந்தையும் மட்டும் எஞ்சினர். பதினெட்டு ஆண்டுகள், தோழர்களே! மகன் வாழ்ந்த அத்தனை ஆண்டு!

இடையில் வேறு வேலைகள் நடவாமலில்லை. 1919 ஜனவரி 15இல் கார்ல் லீப்னெக்ட் கொல்லப்பட்டார். குடும்பத்தார் அழைக்க, அம்மையார் பிணவறைக்குச் சென்று அந்த முகத்தை வரைந்தார். அவர் லீப்னெக்டின் கட்சியல்லர். அந்தப் பாதையில் அவருக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒரு தலைவனுக்குத் தொழிலாளர் விடைகொடுக்கும் துயரத்தை வரைய ஓவியருக்கு உரிமை உண்டென்று நாட்குறிப்பில் வாதாடினார். செப்புத் தகட்டில் முயன்றார், கல்லச்சில் முயன்றார், மனம் நிறையவில்லை. கடைசியில் மரப்பலகையும் உளியும் எடுத்தார். குனிந்து நிற்கும் தொழிலாளர், விறைத்துக் கிடக்கும் தலைவர். கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமில்லை. மரச்செதுக்கின் சிறப்பு அது. அழித்து எழுத முடியாது, வெட்டினால் வெட்டியதுதான். ஒரு பலகையிலிருந்து எத்தனையோ தாள் அச்சிடலாம், சீமான் வீட்டுச் சுவருக்கு மட்டும் அது அடிமையாவதில்லை.

அதே உளியால்தான் 1920களின் தொடக்கத்தில் போர் பற்றி ஏழு படங்கள் செதுக்கினார். முதல் படத்தின் பெயர் 'பலி'. ஆடையற்ற தாய், கண் மூடி, பச்சிளங் குழந்தையை ஏந்திக் கொடுக்கிறாள். யார் அந்தத் தாய் என்று நாம் சொல்லத் தேவையில்லை. 1924இல் லைப்சிக்கில் கூடிய சோசலிச இளைஞருக்காகப் போரெதிர்ப்புச் சுவரொட்டி வரைந்தார். கை உயர்த்தி முழங்கும் இளைஞன் உருவம், இன்றும் பல நாட்டு ஊர்வலங்களில் காணலாம். கேட்டார்கள், கொடுத்தார். ஆனால் கேட்ட அன்று முளைத்ததா அந்தக் கை? பத்தாண்டுத் துயரம் உயர்த்திய கை அது. கலைஞனை அழைத்து "இன்னது வரை" என்று ஆணையிடும் அன்பர்கள் இந்த இடத்தை இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

1919இல் பிரஷ்ய கலைக்கழகத்தில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். 1933இல் இட்லர் ஆட்சி அவரை அங்கிருந்து வெளியேற்றியது. இடதுசாரிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டாரே, அதற்காக. அடுத்த போரும் வந்தது. விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்ற பொருளில் தலைப்பிட்டு, தன் மேலங்கிக்குள் சிறுவரை அடக்கிக் காக்கும் ஒரு தாயைக் கல்லச்சில் வரைந்தார். 1942இல் அவருடைய பேரன் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். அவன் பெயரும் பீட்டர். 1945 ஏப்ரல் 22இல், போர் முடியச் சில நாள் இருக்கையில், அம்மையார் கண் மூடினார்.

'பலி'யின் கதை அவரோடு முடியவில்லை. அவர் வாழ்ந்தபோதே அது கடல் தாண்டிவிட்டது. 1931 பிப்ரவரியில் சீனத்து ஷாங்காயில் ரௌ ஷி என்னும் இளம் எழுத்தாளரை அரசு சுட்டுக் கொன்றது. அவருடைய தாய் கண் தெரியாதவர்; மகன் இல்லை என்பதே அந்த அம்மைக்குத் தெரியாது. நண்பர் லூ சுன் வாய்விட்டு அழுது எழுத முடியாத நிலை. என்ன செய்தார்? புதிதாக வெளிவந்த இலக்கிய ஏடொன்றில் 'பலி' படத்தை அச்சிடச் செய்தார். ஜெர்மன் தாய் ஒருத்தி தன் மகனை நினைத்து வெட்டிய பலகை, சீனத் தாய் ஒருத்திக்காக அழுதது. தம் உள்ளத்தைக் கொட்டினாரா, ஊரார் உள்ளத்தைத் தட்டினாரா? இரு அணியாரும் பதில் சொல்லட்டும்.

மண்டியிட்ட அந்தக் கருங்கல் பெற்றோரை 1932இல் மகன் புதைந்த பெல்ஜியக் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தினார் அம்மையார். 1950களில் கல்லறைகளை விளாட்ஸ்லோவுக்கு மாற்றியபோது சிலைகளும் உடன் சென்றன. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியப் போர்வீரர் அங்கே உறங்குகின்றனர். தந்தை நிமிர்ந்து மண்டியிட்டு, தன்னைத்தானே கைகளால் இறுகப் பற்றியிருக்கிறார். தாய் தலை கவிழ்ந்திருக்கிறார். அந்த முகம் அம்மையாரின் சொந்த முகம். அவர்கள் முன்னால், தரையோடு தரையாய், பீட்டரின் பெயரோடு வேறு பலர் பெயரும் பொறித்த கல்.