ரம்பத்தின் பல்லும் வளைந்த மரமும்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. காற்றை மட்டும் பார்த்தால் அது பெரும் புயல் அன்று. மணிக்கு 90 கிலோமீட்டர் அளவுதான். மழைதான் பேய்மழை. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. மண் குழைந்துவிட்டால் வேரின் பிடி தளர்ந்துபோகும். பிறகு நடுத்தரக் காற்றே மரத்தைச் சாய்த்துவிடும். 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயலின் கதை வேறு. கடலூர்ப் பகுதியில் காற்றின் வேகம் 140 கி.மீ. வரை போயிற்று. காற்று மரத்தைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆகவே 90க்கும் 140க்கும் இடையே விசை ஏறத்தாழ இரண்டரை மடங்கு! பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகள் அதில் அழிந்தன.

செஞ்சி வட்டாரத்துத் தளவானூர் என்றதும் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் சிலருக்கு நினைவு வரும். அதுபோன்ற ஒரு சிற்றூருக்குப் போகும் சாலையின் குறுக்கே புளியமரம் ஒன்று விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பால் வண்டி வராது. மின்வாரிய ஊழியர் வர முடியாது. பிரசவ வலி எடுத்தவரை ஏற்றிச் செல்ல 108 வண்டியும் வராது. வெளியூரிலிருந்து உதவி வரும்வரை, ஊரில் இருக்கும் கோடரி, கைரம்பம், கயிறு, யாரோ ஒருவரிடம் உள்ள இயந்திர ரம்பம் ஆகியவைதாம் துணை. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக ஆயுத பூஜை வருகிறது. அன்று கருவிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதற்கு முன் கொஞ்சம் அரமும் போட்டுவிட்டால் என்ன?

அரம் போடுவதால் என்ன ஆகிறது? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு என்று படித்திருப்பீர்கள். ரம்பப் பல் ஒன்றின் விளிம்பு 5 மில்லிமீட்டர் அகலமும் 0.02 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது என்போம். பரப்பு 0.1 சதுர மில்லிமீட்டர். அதன்மீது 20 நியூட்டன் விசை செலுத்தினால் அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன். தேய்ந்து விளிம்பு 0.2 மில்லிமீட்டராகத் தடித்துவிட்டால்? அதே கை, அதே விசை. அழுத்தம் 20 நியூட்டன்தான். கூரான பல் மர நாரை அறுக்கும். மொக்கைப் பல் தேய்க்கும். தேய்த்தால் வெப்பம் பிறக்கும், பல் இன்னும் மழுங்கும், அறுப்பவர் தம் உடல் எடையைப் போட்டு அழுத்துவார். விபத்து அங்கேதான் தொடங்குகிறது. இயந்திர ரம்பம் கூராக உள்ளதா என்று அறிய அது கக்கும் கழிவைப் பாருங்கள். சீவல் சீவலாக வந்தால் கூர் இருக்கிறது. மாவு போன்ற தூள் வந்தால் உடனே நிறுத்தி, உருண்டை அரத்தால் தீட்ட வேண்டும். அரத்தை ஒரே திசையில்தான் தள்ள வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் கூராக இருந்தால் வெட்டு நேராகப் போகாமல் ஒருபுறம் வளைந்துவிடும்.

கைரம்பத்தை மேலிருந்து உற்றுப் பார்த்தால் இன்னொரு நுட்பம் தெரியும். ஒரு பல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்தது வலப்பக்கம். இதனால் வெட்டின் அகலம் தகட்டின் தடிப்பைவிடச் சற்று அதிகமாகிறது. தகடு உராயாமல் ஓடுகிறது. புயலில் விழுந்தது பச்சை மரம். அதன் ஈர நார் தகட்டை எளிதில் பற்றிக்கொள்ளும். எனவே காய்ந்த பலகைக்குப் போதுமான சாய்வு இதற்குப் போதாது. தச்சரிடம் சொன்னால் சரிசெய்து தருவார்.

இயந்திர ரம்பத்தில் முதல் எதிரி பழைய பெட்ரோல். போன ஆண்டு தொட்டியில் விட்டது பிசினாகிக் குழாயை அடைத்திருக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது. எண்ணெய் கலக்கும் அளவு குறிப்பேட்டில் இருக்கும். அடுத்து, சங்கிலி நிறுத்தி. சங்கிலி வினாடிக்கு சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகட்டின் நுனியில் மேற்பாதி ஒரு கிளையில் பட்டால், பல் மரத்தைத் தள்ள, மரம் பல்லை எதிர்த்துத் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிதான்! ரம்பம் முழுவதும் எழும்பி, பிடித்திருப்பவர் முகத்தை நோக்கி வரும். முன்கைக்காப்பைத் தள்ளியதும் சங்கிலி நிற்கிறதா என்று சோதிக்காத ரம்பத்தை வேலைக்கு எடுத்துச் செல்லவே கூடாது. மாணவர்கள் இக்கருவியைத் தொட வேண்டாம்.

ரம்பம் எவ்வளவு கூராக இருந்தாலும் மரம் அதைக் கவ்விக்கொள்வதுண்டு. ஏன்? ஓர் அழிரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இரு முனைகளைத் தாங்கி நடுவில் அழுத்துங்கள். மேற்புறக் கோடுகள் நெருங்கும், கீழ்ப்புறக் கோடுகள் விலகும். மேலே நெருக்கம், கீழே இழுவை. பள்ளத்தின் இரு கரையிலும் படிந்து கிடக்கும் மரமும் இப்படித்தான். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடி ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் நெருக்கமுள்ள மேற்புறத்தில் சிறிது ஆழம் வெட்டி, பின் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை தொங்கினால் எல்லாம் தலைகீழ்: கீழே சிறிது, பிறகு மேலிருந்து. வெட்டு மூடாதிருக்க ஆப்பு அடிப்பார்கள். இயந்திர ரம்பத்தோடு இரும்பு ஆப்பு ஆகாது. பல் அதில் பட்டால் போயிற்று. மர ஆப்புகள் நாலைந்து முன்கூட்டியே சீவி வைத்துக்கொள்ளலாம்.

கயிற்றையும் விரித்துப் பார்க்க வேண்டும். நைலான் கயிறு வெயிலில் வலுவிழக்கும். தேங்காய்நார்க் கயிறு ஈரத்தில் மக்கும். நைலான் நன்கு நீளுவதால் இழுக்கும்போது அதில் ஆற்றல் சேர்கிறது. அறுந்தால் சாட்டைபோல் வீசும். கயிற்றின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கலாகாது.

வேரோடு சாய்ந்த மரத்துக்குத்தான் இந்தக் கயிறு மிகவும் தேவைப்படும். மண்ணோடு பெயர்ந்து சுவர்போல் நிற்கும் வேர்த்தொகுதி பல டன் எடை இருக்கலாம். அதை நிமிராமல் பிடித்திருப்பது சாய்ந்துகிடக்கும் அடிமரத்தின் எடைதான். அடிமரத்தை அறுத்ததும் அந்தச் சமநிலை குலைகிறது; வேர்த்தொகுதி தான் பெயர்ந்த குழிக்குள் மீண்டும் படீரென்று விழலாம். மழைநீர் தேங்கிய அந்தக் குழியில்தான் சிறுவர்கள் இறங்கி விளையாடுகிறார்கள். அறுக்கத் தொடங்குமுன் மின்கம்பி ஏதும் மரத்தில் சிக்கவில்லை, மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ளது என்று உறுதி செய்துகொண்டு, வேர்த்தொகுதியை வலுவான வேறு மரத்தோடு கட்டி, குழியில் யாருமில்லை என்று பார்த்த பிறகே ரம்பத்தை ஓட்ட வேண்டும். அந்தப் பார்க்கும் வேலையை நீங்கள் தூர நின்று செய்யலாம்.