கைப்பேசியைப் பறிப்பது பாதுகாப்பு ஆகாது

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் வெளியிட்டிருந்தனர். புகார் அளித்த பின்னரும் நடவடிக்கை தாமதமானது. விசாரணைக்குக் கைப்பேசி லஞ்சமாகக் கேட்கப்பட்டதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். பெற்றோரே தம்மை நம்பவில்லை என்ற வேதனையையும் அப்பெண் எழுதிவைத்திருந்தார்.

வீடு நம்பவில்லை, காவல் நிலையம் விரையவில்லை. ஒரு தலித் சிறுமிக்கு இவ்விரு கதவுகளும் இன்னும் கடினமானவை. பெற்றோர் விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் சென்றுவிட, வீட்டின் ஒரே கைப்பேசி அவளிடம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் கைப்பேசியைப் பறிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள் என்ற அச்சமே அவளை வாய்மூட வைக்கிறது. மிரட்டுபவனின் பலமும் அந்த மௌனம்தான்.

சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் உடலைக் காட்டும் படத்தை வெளியிடுவதாகப் பாலியல் நோக்கத்துடன் மிரட்டுவதே போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். படம் உண்மையானதா புனையப்பட்டதா என்பது பொருட்டல்ல. குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவுசெய்ய வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு.

சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். இணையப் பதிவும் பொதுவெளியே என 2022இல் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. இச்சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. வேண்டுமென்றே கடமை தவறும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அதிகாரிக்கு 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

செய்ய வேண்டியவை சில. கணக்கின் பெயர், இணைப்பு, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மிரட்டல் உரையாடலை அழிக்காதீர்கள். சான்றுக்காகக்கூடப் படத்தைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். பணம் கொடுத்துச் சமரசம் பேசாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐயோ இணையக் குற்ற உதவி எண் 1930ஐயோ அழையுங்கள். காவல் நிலையத்துக்குப் பெற்றோருடன் நீங்களும் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.

பாதுகாப்பு என்பது பெண் பிள்ளைகளுக்கான எச்சரிக்கை மட்டுமல்ல. 2015இல் கோகுல்ராஜ் கொலை வழக்கில் தலைமறைவாக இருந்தபோதே யுவராஜின் குரல் வாட்ஸ்அப்பில் பரவியது. 2022இல் அவர் ஆயுள் தண்டனை பெற்றார். சாதிப் பெருமை பேசும் அத்தகைய பதிவுகள் நம் மாணவர்களின் கைகளுக்கும் வருகின்றன. அவற்றைப் பற்றி அவர்களோடு பேசுவதும் நம் பணியே.

ஆனால் முதல் வேலை எளியது. பிள்ளை வந்து சொல்லும்போது, “உன்மேல் தவறில்லை” என்று சொல்லுங்கள். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.