மூன்று ஞாயிறு, மூன்று ஓலை

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை முடியும் தறுவாய். நற்கருணை வாங்கியவர்கள் இடத்துக்குத் திரும்பி முழங்காலில் இருக்கிறார்கள். பங்குத்தந்தை அறிவிப்பு நோட்டைத் திறக்கிறார். நம் பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகன், பக்கத்துப் பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகளை மணக்க இருக்கிறார். இது முதல் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். பெஞ்சுகளில் தலைகள் திரும்புகின்றன. மாப்பிள்ளை வீட்டார் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று பாட்டிமார் அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கையில் இருப்பது நோட்டுப் புத்தகம்தான். ஆனாலும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதை 'ஓலை வாசிப்பது' என்றுதான் சொல்கிறார்கள். திருமணத்தை முன்கூட்டியே சபையில் அறிவிக்க வேண்டும் என்பது 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் போட்ட விதி. மூன்று முறை அறிவிக்க வேண்டும் என்று 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் உறுதிசெய்தது. கோயிலில் கூடியிருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கைதான் இந்த விதிக்கு அடிப்படை. எதிர் ஃபிளாட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாத இன்றைய பெங்களூரில் அந்த நம்பிக்கை பலிக்குமா? சின்னச் சின்னப் பங்குகளில் இன்றும் பலிக்கிறது. ஞாயிறு முதல் சனி வரை அங்கே நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

கோயில் வாசலில் தொங்கும் பூசை நேரப் பலகையிலிருந்து தொடங்கலாம். கன்னடம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் நேரம் எழுதியிருக்கும். சில கோயில்களில் கொங்கணியோ மலையாளமோ சேர்ந்துகொள்ளும். அதற்குக் கீழே கிழமைகள்.

செவ்வாய் அந்தோணியார் நாள். 1231-ல் பதுவா நகரில் அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமை அவருக்கே ஆகிவிட்டது. பல கோயில்களில் புதன் சகாய மாதா நவநாள். மும்பை மாஹிமில் 1948-ல் தொடங்கிய புதன் நவநாள் இன்றும் பெருங்கூட்டத்தை இழுக்கிறது. வியாழன் என்றால் பெங்களூர்க்காரர்களுக்கு விவேக்நகர் குழந்தை இயேசு கோயில்தான். மதம் பாராமல் மெழுகுவர்த்தியோடு வருகிறார்கள். முதல் வெள்ளி இயேசுவின் திருஇருதயத்துக்கு. தவக்காலமானால் எல்லா வெள்ளியும் சிலுவைப்பாதை, பதினான்கு நிலைகள், வீட்டில் கறி கிடையாது. சனி மாதாவுக்கு. ஜெபமாலைக்கும் கிழமைக் கணக்கு உண்டு: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை. வியாழனுக்கு உரிய ஒளியின் மறையுண்மைகளை 2002-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தார்.

இந்தப் பலகையில் இல்லாத ஒரு கூட்டம் வாரம் தவறாமல் நடக்கிறது. மரியாயின் சேனை. கோயிலை ஒட்டிய சிறிய அறையில் ஒரு மேசை; அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் மாதா சுரூபம், இருபுறமும் இரண்டு பூச்சாடிகள், இரண்டு மெழுகுவர்த்திகள். 1921 செப்டம்பர் 7-ஆம் நாள் டப்ளின் நகரில் ஃபிராங்க் டஃப் என்ற அரசு ஊழியரோடு சிலர் கூடித் தொடங்கிய முதல் கூட்டத்தின் மேசை எப்படி இருந்ததோ, அதே அமைப்பு. ஜெபமாலை சொல்லி முடித்ததும், போன வாரம் கொடுத்த வேலை என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்ன தெருவில் படுத்த படுக்கையாய் இருக்கும் அம்மாவைப் போய்ப் பார்த்தேன், பேசிக்கொண்டிருந்தேன், ஜெபம் சொன்னேன். வாரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் இப்படிப்பட்ட பணி செய்தாக வேண்டும்.

கூட்டத்தில் ஒரு துணிப்பை கைமாறி வரும். அதற்கு ரகசியப் பை என்று பெயர். போடக் காசு இருப்பவரும் இல்லாதவரும் ஒரேபோல் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஏழையின் மானத்தைக் காப்பதற்கு இதைவிட எளிய வழி இருக்க முடியாது.

இதே வழக்கம் வின்சென்ட் தே பவுல் சபையிலும் உண்டு. 1833-ல் பாரிஸில் இருபது வயது மாணவர் ஃபிரெடரிக் ஓசனாமும் நண்பர்களும் தொடங்கியது அது. வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. அரிசியும் மருந்துச் செலவும் பள்ளிக் கட்டணமும் அதற்குப் பிறகு.

இவற்றோடு அன்பியம். இருபது முப்பது வீடுகள் சேர்ந்தால் ஓர் அன்பியம்; அதற்கு ஒரு புனிதரின் பெயர். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, விவிலியத்தில் ஒரு பகுதியை வாசித்து, மனதைத் தொட்ட சொல்லைச் சொல்லி, சற்று மௌனமாக இருந்து, பிறகு இந்த வாரம் நாம் செய்ய வேண்டியது என்ன என்று முடிவெடுப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் பரப்பிய ஏழு படி முறையைப் பலர் பின்பற்றுகிறார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வந்து நாற்காலி போடுவது அன்பியத்தார்தான். ஓசூர் ரோடு கல்லறை வரை கூடவே வருவதும் அவர்கள்தான்.

வாரம் முழுவதும் இவை தமிழில் நடப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. இன்றைய சிவாஜிநகர்ப் பகுதிக்குச் செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ் உழவர்கள் வெள்ளை அரிசி விளைவித்ததால் அந்த ஊர் 'பிளி அக்கி பள்ளி' ஆயிற்று, ஆங்கிலேயர் நாவில் அது பிளாக்பள்ளி ஆனது என்பார்கள். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறிதாக இருந்த மாதா கோயில், 1882-ல் இன்றைய கோத்திக் கோபுரக் கோயிலாக எழுந்தது. 1974-ல் பசிலிக்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 தேர். காவிப் புடவை கட்டி வரும் பெண்களில் எல்லா மதத்தவரும் உண்டு.

ஆனால் அந்தக் காலத்துப் பூசை தமிழில் இல்லை, லத்தீனில் இருந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து லத்தீனில் ஓத, மக்கள் தமிழில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடுதான் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. அந்த மாற்றத்தை இந்திய மண்ணுக்கு ஏற்பக் கொண்டுவந்த முயற்சிக்குத் தலைமை இடமாக இருந்தது பெங்களூர். 1967-ல் இங்கே உருவான தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தைக் கட்டி வளர்த்தவர் தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்த அருள்தந்தை அமலோற்பவதாஸ். அவருடைய அண்ணன் லூர்துசாமி 1968 முதல் 1971 வரை பெங்களூர்ப் பேராயர், பின்னாளில் கர்தினால். குத்துவிளக்கு, ஆரத்தி, தரையில் சம்மணமிட்டு அமர்வது, கைகூப்பி வணங்குவது உள்ளிட்ட பன்னிரண்டு வழக்கங்களுக்கு 1969-ல் ரோம் ஒப்புதல் தந்தது. இன்று திருவிழாப் பூசையில் ஆரத்தித் தட்டு ஏந்தி வரும் பெண்பிள்ளைகளுக்கு, அந்தத் தட்டுக்கு ரோமிலிருந்து அனுமதி வந்த கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எந்த மொழிக்கு எத்தனை பூசை என்பது பெங்களூரில் பல ஆண்டுகளாக மனத்தாங்கலுக்கும் இடமானது. ஒரே பீடம், ஒரே காலை. ஒவ்வொரு மொழிக்காரருக்கும் தங்கள் மொழியில்தான் அழுது ஜெபிக்க வருகிறது. ஆனாலும் பல பங்குகளில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வருபவர்கள் கன்னடப் பூசைக்கு உள்ளே போகிறவர்களுக்கு வழிவிட்டு வணக்கம் சொல்கிறார்கள்.

அப்படி வெளியே வரும் நேரம்தான் பங்கின் உயிரான நேரம். பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கு ஓடுகிறார்கள். பெரியவர்கள் "தோத்திரம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு நிற்கிறார்கள். வாசலில் ஒரு பேச்சு காதில் விழும்.

"என்னக்கா, போன வாரம் காணோமே?"

"காய்ச்சல்மா, எழுந்திருக்கவே முடியல."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேனைக்காரங்க வந்து பார்த்திருப்பாங்கல்ல?"

இரவுப் பணிக்குப் போகும் பிள்ளைகள் ஞாயிறு காலை எழ முடியாமல் சனி மாலைப் பூசைக்கு வருகிறார்கள். 1953-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மாலைப் பூசைக்கு வழி திறந்துவிட்டது, கணினி யுகத்துப் பெங்களூருக்கும் உதவுகிறது.

மூன்றாம் ஞாயிறு மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது. தடை சொல்ல யாரும் வரவில்லை. ஆட்டுக்கறிக் கடைக்கு விரையும் கூட்டத்தை மறித்தபடி, மாப்பிள்ளையின் அம்மா மஞ்சள் பை நிறையப் பத்திரிகைகளோடு கோயில் வாசலில் நிற்கிறார். ஒவ்வொரு உறையின் மேலும் பெயர் எழுதியிருக்கிறது. வீட்டுக்குப் போய் வைக்க வேண்டியவற்றைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார். யாரிடமும் அவர் விலாசம் கேட்கவில்லை.