மாவில் கலந்த கல்

இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கம்பும் சோளமும் அன்றாடச் சாப்பாடாக இருந்த காலத்தில் சோற்றில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. களத்து மண் கொஞ்சம், உரலும் திருகையும் உதிர்த்த துகள் கொஞ்சம். எவ்வளவு புடைத்துக் கொழித்தாலும் நறுக்கென்று ஒன்று கடைவாயில் சிக்கும். பழங்காலத்து மனிதனின் பல்லை ஆராய்கிறவர்கள் முதலில் தேடுவது அந்தக் கல்லின் தடயத்தைத்தான்.

பல்லின் மேல்தோலான எனாமல்தான் நம் உடம்பிலேயே கெட்டியான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் ஏறக்குறைய 5. புழுதியில் கிடக்கும் குவார்ட்ஸ் மணலுக்கோ 7. மோதினால் யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முறிந்த எலும்பு கூடிவிடும். தேய்ந்த எனாமல் வளராது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

தேய்மானம் ஓர் ஒழுங்கோடுதான் நடக்கிறது. கடைவாய்ப்பல்லின் முகடுகள் முதலில் மழுங்கும். பிறகு ஒவ்வொரு முகட்டிலும் மஞ்சளாக ஒரு புள்ளி தெரியும். அது எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின். அது மென்மையானது, சீக்கிரம் குழியும். புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று சேர, கடைசியில் சுற்றிலும் எனாமல் வரப்பும் நடுவே பழுப்புப் பள்ளமுமாக நிற்கும். பல்லும் சும்மா இருப்பதில்லை. உள்ளிருக்கும் பற்கூழைக் காக்கப் புது டென்டினைப் பூசிக்கொண்டே வரும். தேய்மானம் அதை முந்தினால் பற்கூழ் திறந்து, வேர்முனையில் சீழ் கட்டி, தாடையெலும்பில் ஓட்டை விழும்.

இதை வைத்து இறந்தவரின் வயதையும் கணிக்கலாம். முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதிலும், இரண்டாவது பன்னிரண்டிலும், ஞானப்பல் பதினெட்டை ஒட்டியும் முளைக்கின்றன. ஆகவே முதலாவது, அடுத்ததைவிட ஆறு வருஷம் கூடுதலாக மென்றிருக்கும். அந்த ஆறு வருஷத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று பார்த்தால் மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆங்கிலோ-சாக்சன் எலும்புகளை வைத்து மைல்ஸ் என்ற ஆய்வாளர் 1963-இல் சொன்ன வழி இது. தேய்மானம் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். பல்லின் வெளிப்புறம் ஈறோரமாகத் தேய்ந்திருந்தால் பழியைச் சோற்றின்மேல் போடக்கூடாது. செங்கல்பொடியால் பல் விளக்கிய நம் தாத்தாக்களைக் கேட்டால் தெரியும்.

தெற்கே தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ, 2004-இல் மறுபடியும் இந்தியத் தொல்லியல் துறை. அங்கே முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி சாலி ஜுக்கர்மன் 1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதினார். மண்டையின் நீள அகலத்தை அளந்து இனம் பிரிப்பதில்தான் அந்தக் காலத்து ஆய்வுக்கு மோகம். என்னைக் கேட்டால், அந்த அளவுகளைவிடக் கடைவாய்ப்பல் ஒன்று அதிகம் பேசும். பக்கத்திலேயே உள்ள சிவகளையில், தாழிக்குள் இருந்த நெல் உமியோடு கூடிய மண்ணின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. உமி, அந்த மக்களிடம் நெல் இருந்ததைச் சொல்லும். அதை அவர்கள் எப்படிக் குத்தினார்கள், எவ்வளவு குழைய வேகவைத்தார்கள் என்பதைப் பல்லிடம்தான் கேட்க வேண்டும்.

வேட்டையாடிகளின் கடைவாய்ப்பற்கள் தட்டையாகத் தேயும், உழவர்களின் பற்கள் சாய்வாகத் தேயும் என்று 1984-இல் ஹாலி ஸ்மித் என்ற ஆய்வாளர் காட்டினார். நார் நிறைந்த முரட்டு உணவை அரைக்கும் தாடை வேறு விதமாக அசைகிறது. கங்கைச் சமவெளியில் மகாதகா, தம்தமா போன்ற இடைக்கற்கால இடங்களில் ஜான் லூக்காக்ஸ் கண்டதும் பலமாகத் தேய்ந்த, ஆனால் சொத்தை அரிதான பற்கள். தேய்மானமே அங்கே ஒருவகைக் காவல். சொத்தை பிடிப்பது கடைவாய்ப்பல்லின் மேல்பள்ளங்களில். அந்தப் பள்ளமே தேய்ந்துபோனால் கிருமிக்கு இடம் ஏது?

உழவு வந்தது, பானை வந்தது. குழைந்த மாவுச்சத்து பல்லிடுக்கில் ஒட்டியது. அதைத் தின்னும் கிருமிகள் அமிலத்தைக் கக்க, எனாமல் கரைந்தது. சிந்துவெளி ஹரப்பாவின் பற்களில் சொத்தை கூடியிருக்கிறது, அதுவும் பெண்களிடம் அதிகமாக. கர்ப்பகாலத்து ஹார்மோன் மாற்றமும் உமிழ்நீர் குறைவும் இதற்குக் காரணங்கள் என்பது லூக்காக்ஸின் வாதம். அடுப்படியில் நின்று அடிக்கடி ருசி பார்ப்பதையும் சிலர் சேர்ப்பார்கள். மாமியார்களுக்குப் பிடித்த விளக்கம். ஆனால் உழவுக்கு முன்னால் சொத்தையே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. மொராக்கோவின் தஃபோரால்ட் குகையில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் ஓக் மரக் கொட்டைகளைத் தின்றே பாதிப் பற்களைச் சொத்தையாக்கிக்கொண்டவர்கள்.

சொத்தை வந்தால் வைத்தியமும் வர வேண்டுமே. பலுசிஸ்தானின் மெஹர்கரில் 9,000 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளில், ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப்பற்களில் துளை போட்டிருக்கிறார்கள். செய்தி 2006-இல் வெளியானது. பாசிமணிக்கு ஓட்டை போடும் அதே தீக்கல் முனையும் வில்லும்தான் கருவி. ஒரு நிமிஷத்துக்குள் துளைத்துவிடலாமாம். வாய்க்குள் ஒளிந்திருக்கும் பல்லில் யாரும் அலங்காரத்துக்குத் துளை போடமாட்டார்கள். துளையின் விளிம்புகள் வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. துளைத்த பிறகும் அந்த ஆள் பிழைத்து, அதே பல்லால் மென்றிருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. சுமார் 1,500 ஆண்டுகள் நீடித்த கைவேலை அது. அதற்குப் பிந்திய மெஹர்கர் கல்லறைகளில் பற்கள் முன்போலவே கெட்டுக் கிடக்கின்றன. துளைத்த பல் மட்டும் ஒன்றுகூட இல்லை.