மொட்டை மாடிச் சபை

சென்னையில் மார்கழி பிறந்தால் கச்சேரி. எங்கள் நாகூரில் பாட்டுக்கென்று அப்படி நிலையான மாதம் கிடையாது. ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை தெரிந்தால் எங்கள் தர்காவின் கந்தூரித் திருவிழாவுக்குக் கொடி ஏறும்; கொடி ஏறினால் பாட்டு. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் கந்தூரி வருஷத்துக்கு வருஷம் 11 நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். வயல் வெடித்துக் கிடக்கும் சித்திரைப் புழுக்கத்திலும் நான் கந்தூரிப் பாட்டுக் கேட்டிருக்கிறேன். சம்பா அறுப்பு நடக்கும் தைப் பனியிலும் கேட்டிருக்கிறேன். இப்போது அது கார்த்திகை மழைக்குள் வந்திருக்கிறது. பந்தல்காரருக்கு ஓலையும் தார்ப்பாயும் கவலை. எங்களுக்கோ, இன்றைக்குப் பாட்டு நடக்குமா நடக்காதா என்று வானத்தைப் பார்க்கும் தவிப்பு.

பாடியவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இந்தத் தவிப்போடு காத்திருந்து கேட்டவர்களைப் பற்றி, அதிலும் மேடையையே பார்க்காமல் கேட்ட நாகூர்ப் பெண்களைப் பற்றி, நான் எழுத ஆசைப்படுகிறேன். ஒரு கச்சேரியின் பாதி, கேட்கிறவர்களின் கையில் இருக்கிறது என்பதை நான் அந்தச் சபையில்தான் கற்றுக்கொண்டேன்.

பதினான்கு நாள் ஒலி

எல்லா மதத்தாரும் நாகூர் ஆண்டவர் என்று அழைக்கும் ஷாகுல் ஹமீது காதிர் வலி, வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து அடங்கியவர். அவருடைய தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி உயரம்; அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். கந்தூரி 14 நாள் நடக்கும். பத்தாம் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு ஊர்வலம் புறப்பட்டு, சில கிலோமீட்டர் தூரத்தை இரவு முழுக்க ஊர்ந்து கடந்து, விடியலுக்கு முன்னால் தர்காவை அடையும். உலகமே அவருடைய கச்சேரிக்குக் காத்திருக்கிற ஏ.ஆர். ரகுமானும் அந்த இரவுக்காக நாகூர் வந்து நின்றிருக்கிறார்.

அந்த நாட்களில் ஊரில் ஒலி இல்லாத இடம் கிடையாது. தர்காவில் நகரா முரசு முழங்கும். பக்கீர்கள் தாயிராவைத் தட்டிப் பாடுவார்கள். தெருவில் பையன்கள் பைத்து ஓதிக்கொண்டு போவார்கள். இரவானால் பந்தலில் பாட்டுக் கச்சேரி. அதற்கு டிக்கெட் கிடையாது, இருக்கை எண் கிடையாது. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த விவசாயக் குடும்பம், கடலுக்குப் போகாமல் தங்கிவிட்ட மீனவர்கள், சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே மணலில் உட்காருவார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் மாடியில்.

கண்ணில்லாமல் காது

எங்கள் வீடு தர்காவுக்குக் கூப்பிடு தூரத்தில். கச்சேரி நாள் என்றால் அஸர் தொழுகை முடிந்ததுமே மாடிக்குத் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணிப்போம். பாய், தலையணை, கூஜாவில் தண்ணீர், சின்னப் பிள்ளைகள் எல்லாம் மேலே ஏறும். கடைத்தெருவிலிருந்து நானா இறால் வாடா வாங்கி வருவார். பக்கத்து வீட்டு லாத்தாமார்கள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்கள் மாடிக்கே வந்துவிடுவார்கள். மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்த மூலைக்குத்தான் போட்டி.

மேடை தெரியாது. பாடகர் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்று தெரியாது. அதனால் காது கூர்மையாகிவிட்டது. ஆர்மோனியம் முதல் சுரம் பிடித்ததுமே, இன்றைக்கு வாசிப்பது யார் என்று என் உம்மம்மா சொல்லிவிடுவார். தபேலாக்காரர் மாறியிருந்தால் முதல் பாட்டு முடிவதற்குள் மாடியில் பேச்சாகிவிடும். தொண்டை கட்டியிருக்கிறதா, பாடகர் மைக்கை விட்டுத் தள்ளி நிற்கிறாரா, பாதிப் பாட்டில் தண்ணீர் குடித்தாரா என்பதெல்லாம் எங்களுக்குக் குரலிலேயே தெரியும்.

அப்போதும் கீழே போய்ச் சேர ஒரு வழி இருந்தது. வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு பொடியன் கையில் கொடுத்து அனுப்புவோம். பெயர் எழுத மாட்டோம். சீட்டு மேடைக்குப் போய்ச் சேர்ந்து, நாங்கள் கேட்ட பாட்டு ஒலிபெருக்கியில் எழும்பும்போது அத்தனை மாடிகளிலும் ஒரு சலசலப்பு ஓடும். எழுதி அனுப்பியவள் மட்டும் எதுவும் தெரியாதவள் போல உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் பெரிது.

தொகையறாவுக்குள் ஒரு காத்திருப்பு

எங்கள் பாட்டுகளின் கட்டுமானத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாட்டு பல்லவியில் தொடங்காது. முதலில் தொகையறா. தாளம் இருக்காது; தபேலா கை கட்டி நிற்கும். ஆர்மோனியம் ஒரு சுரத்தை நிறுத்திப் பிடித்துக்கொள்ள, பாடகர் சில வரிகளை இழுத்து, ஏற்றி, இறக்கி, நினைத்த இடத்தில் நிறுத்துவார். விருத்தம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். வரப்போவது எந்தப் பாட்டு என்று கேட்கிறவர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஆனால் அது எப்போது வந்து விழும் என்று தெரியாது. அந்த இடைவெளியில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"பேசாம கேளு புள்ளே, இப்பத்தான் இழுக்கிறாரு" என்று உம்மம்மா என் கையை அழுத்துவார். பிறகு தபேலாவின் முதல் அடி விழும், பல்லவி இறங்கும், கீழே ஆயிரம் கைகள் தட்டும், மாடியில் எங்கள் உதடுகளும் சேர்ந்து பாடும்.

இசைத்தட்டில் தொகையறாவின் நீளம் ஒரே அளவு. நேரில் அப்படி இல்லை. சபை எவ்வளவு தாங்கும் என்று பாடகர் பார்த்துக்கொண்டே நீட்டுவார். கேட்கிறவர்கள் அசையாமல் இருந்தால் இன்னொரு சுற்று ஏறுவார். இருமலும் பேச்சும் கேட்டால் சுருக்கி இறங்கிவிடுவார். வீட்டில் கேசட் இருந்தும் நேரில் கேட்க நாங்கள் துடித்ததற்குக் காரணம் இதுதான். அந்த இரவின் தொகையறா அந்த இரவுக்கு மட்டும் சொந்தம். அதை உண்டாக்கியதில் எங்கள் மௌனத்துக்கும் பங்கு உண்டு.

ஊரின் குரல்

அந்தக் கலையின் உச்சம் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா. 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்தவர். திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைகளில், தலைவர்கள் வந்து சேரும் வரை கூட்டத்தைத் தன் குரலால் கட்டிப்போட்டவர் என்று தமிழ்நாடு அறியும். 1961இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து அவர் பாடிய பாட்டு இன்றும் பெருநாள் தோறும் ஒலிக்கிறது. பல ஆண்டு கழித்து இளையராஜா இசையில் 'செம்பருத்தி' படத்திலும் அந்தக் குரல் கேட்டது. ஆர். அப்துல் ஸலாம் எழுதி அவர் பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்', முஸ்லிம் அல்லாத வீடுகளிலும் பக்திப் பாட்டாகவே ஒலிக்கிறது.

எங்களுக்கு அவர் ஊர்க்காரர். அவருக்குப் பாட்டு எழுதியவர்களும் ஊர்க்காரர்கள்தான். ஓவியரும் கவிஞருமான புலவர் ஆபிதீன், பிறகு நாகூர் சலீம் என்று வரிசை நீளும். புதுப் பாட்டு ஒன்று வந்தால் மெட்டு எந்த இந்திப் பாட்டிலிருந்து வந்தது, எந்தச் சொல்லை எழுதியவர் எப்படிப் பொருத்தினார் என்று மாடியில் அலசுவோம். சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே 'காதலா கடமையா' என்று நாவல் எழுதிய ஊர் இது. இங்கே பெண்களுக்குச் சொல்லின் ருசி தெரியாமல் போகுமா?

ஹனிபாவின் குரல் மேல் ஸ்தாயியில் போனாலும் மெலியாது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும். தூரத்து மாடிக்கு இது எவ்வளவு பெரிய கொடை! குழாய் ஸ்பீக்கர் நடுத்தரச் சத்தத்தைத்தான் நன்றாகக் கொண்டுவரும். கீழ்ச் சுரங்களை விழுங்கிவிடும். அந்தக் கருவிக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்கும் குரல் அவருடையது. காற்று கடலிலிருந்து வீசினால் ஒரு வரி தேயும், அடுத்த வரி முழுசாக வரும். தேய்ந்த வரியை நாங்களே பாடி நிரப்பிக்கொள்வோம்.

தாயிராவும் தோடியும்

கச்சேரிப் பந்தலுக்கு வெளியேயும் இங்கே இசை உண்டு. வியாழக்கிழமை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு தர்காவுக்கு வந்தால் பக்கீர் பாவாக்கள் பாடுவதைக் கேட்கலாம். தாயிரா ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய வட்டப் பறை. ஒருவர் வரி எடுப்பார், மற்றவர்கள் அதன் முடிவைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். காதிர் வலியின் கராமத்து எனும் அற்புதங்கள், ஞானிகளின் பாடல்கள் என்று எந்தத் தாளிலும் பார்க்காமல் பாடுவார்கள். தரையில் உட்கார்ந்து கேட்கும் பெண்கள் அங்கே நிறைய. எனக்குப் பாடகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்கும் பாக்கியம் முதலில் கிடைத்தது அங்கேதான்.

2004 டிசம்பர் 26 சுனாமி நாகை மாவட்டத்தை வாரிக்கொண்டு போனபோது, தர்கா உயிரோடு இருந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தது. மாண்டவர்களில் பலருக்கு மண்ணும் கொடுத்தது. பின்னர், சுனாமி தாக்கிய நாடுகளின் நாட்டார் இசையைத் தேடிப் பதிவு செய்த 'லயா ப்ராஜெக்ட்' என்ற படத்தில் நாகூர்ப் பக்கீர்களின் பாட்டும் இடம்பெற்றது. அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர் மைதீன் பாபா சாபிர் மூவரும் பாடிய 'நாகூர் செஷன்ஸ்' என்ற தொகுப்பு தனியாகவே வந்தது. எங்கள் தரையில் உட்கார்ந்து பாடியது உலகத்தின் காதுக்குப் போனது.

தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் கர்நாடக இசையிலும் இந்துஸ்தானியிலும் தேர்ந்தவர். அவர் பாடும்போது மாடியில் இருந்தவர்களுக்கு ராகத்தின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் எந்த இடத்தில் உருக வேண்டும் என்று தெரியும். இது காவிரிக் கரையின் காது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடிக்கு இரவெல்லாம் காத்திருந்த மண் இது. ஆந்திராவில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா அந்தத் தஞ்சாவூர்ப் பாணி நாகசுரத்தில் மனம் பறிகொடுத்து, இங்கே வந்து பயின்று, ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார்.

திருவையாற்றுக் கதையும் எனக்கு மிக நெருக்கமானது. அங்கும் நாள் குறிப்பது நிலவுதான். தியாகராஜர் மறைந்த பகுள பஞ்சமியில் ஆராதனை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தினம் வரும் வரிசை எல்லாருக்கும் மனப்பாடம். அப்படியும் அடுத்த ராகத்துக்குக் காத்திருக்கிறார்கள். தியாகராஜரின் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அன்று இடம் இல்லை. 1920களின் பிற்பாதியில் அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே பாட வைத்தார். பிரிந்து நடந்த ஆராதனைகள் 1940 வாக்கில் ஒன்றானபோது, பெண்களின் குரலும் அந்தக் கூட்டுக் குரலில் சேர்ந்தது. இன்று திருவையாற்றில் வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுவதைப் பார்க்கும் யாருக்கும் அது இயல்பாகத் தோன்றும். அந்த இயல்பை உண்டாக்க ஒருத்தி போராட வேண்டியிருந்தது.

இனி

இப்போது என் பேத்திகள் கந்தூரிப் பாட்டைக் கைப்பேசியில் நேரலையாகப் பார்க்கிறார்கள். பாடகரின் முகம் தெரிகிறது. துபாயில் இருக்கும் அவர்களுடைய வாப்பாவும் அதே நேரத்தில் பார்க்கிறார். நல்லதுதான். ஆனால் திரைக்கு முன்னால் இருப்பவர் அசைந்தாலும் பேசினாலும் பாடகருக்குத் தெரியாது. தொகையறா நீள்வதற்கு அங்கே யாருடைய மௌனமும் உதவுவதில்லை. அதனால்தான் பேத்திகளைக் கையைப் பிடித்துப் பந்தலுக்கு அழைத்துப் போகிறேன்.

கச்சேரி நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பக்கீர் பாவாக்களைக் காணிக்கைக்குப் பாடுகிறவர்களாக மட்டும் பார்க்காதீர்கள். அவர்களுக்கும் மேடை கொடுங்கள், அறிவிப்பு நோட்டீஸில் பெயர் போடுங்கள், பாடகருக்குரிய சம்பளம் கொடுங்கள். இரண்டாவது, மேடைக்கு எதிரே பெண்களுக்கென்று நல்ல இடம் ஒதுக்குங்கள். ஓரத்தில் தடுப்புக்குப் பின்னால் அல்ல, பாடகரின் கண் படும் இடத்தில். இத்தனை வருஷம் பார்க்காமலே கேட்டுத் தேர்ந்த காதுகள் அவர் முன்னால் இருக்கின்றன என்று தெரிந்தால், அவர் இன்னும் ஒரு சுற்று ஏறிப் பாடுவார். அதனால் லாபம் பந்தலில் இருக்கும் எல்லாருக்கும்தான்.

வாசகர்களும் வாருங்கள். அடுத்த பிறை எப்போது என்று நாள்காட்டியில் பார்த்து வையுங்கள். மழைக் காலம், குடை அவசியம். முதல் பாட்டுக்கு முன்பே வந்து இடம் பிடித்து, தொகையறா ஓடும்போது பேசாமல் கேளுங்கள். பல்லவி இறங்கியதும் தெரிந்த அளவுக்குச் சேர்ந்து பாடுங்கள். பாடத் தெரியாவிட்டாலும் குறையில்லை. கவனமாகக் கேட்கிற ஒருவர் கூடினாலே எங்கள் கச்சேரி அன்றைக்குக் கொஞ்சம் உயர்ந்துவிடும்.